பதினோரு நாள் குறைவு

பிப்ரவரி பிறந்துவிட்டால் நல்லசிவத்தின் மேஜையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். மற்ற மாதங்களில் அவர் பக்கம் திரும்பிப் பார்க்காத அதிகாரிகள்கூட அப்போது நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊரில் மழை உண்டா என்று விசாரிப்பார்கள். டெல்லி ஆர்.கே.புரத்தில் இருந்த அந்த மத்திய அரசு அலுவலகத்தில் ஊழியர்களின் பணிப் பதிவேடுகள் அவர் பொறுப்பில் இருந்தன. யார் எந்தத் தேதியில் எந்த ஊருக்குப் போனார், எந்தத் தேதியில் அங்கிருந்து விடுபட்டார் என்பதெல்லாம் அவர் பீரோவுக்குள் இருந்தது. அதை வைத்துத்தான் பிள்ளைகளுக்கு சென்ட்ரல் ஸ்கூலில் இடம்.

ஒன்றாம் வகுப்பில் இருப்பது நாற்பது இடம். வருகிற விண்ணப்பப் பாரம் ஐந்நூறு. குழந்தைக்கு என்ன தெரியும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அப்பா கடந்த ஏழு வருஷத்தில் எத்தனை முறை ஊர் மாற்றப்பட்டார் என்பதுதான் கேள்வி. அதிக மாற்றல் கண்டவர் பிள்ளைக்கு முதலில் இடம். ஒரே எண்ணிக்கையில் பல பேர் நின்றால் சீட்டுக் குலுக்கல். இதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஓர் ஊரில் ஆறு மாதமாவது இருந்திருந்தால்தான் அந்த மாற்றல் கணக்கில் சேரும். ஒரு நாள் குறைந்தாலும் அந்த ஊருக்குப் போகவே இல்லை என்று கணக்கு; இருந்த ஊருக்கே திரும்பியிருந்தால் போனதும் சேராது, வந்ததும் சேராது.

இதற்கென்று நல்லசிவம் ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பாரம் தயாரித்திருந்தார். ஊர், சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி, இருந்த காலம், கடைசியில் மொத்த எண்ணிக்கை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஸ்டென்சில் வெட்டி எடுத்தது. பள்ளி கவுண்டரில் இருந்த பஞ்சாபி அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, மற்ற அலுவலகத்துக்காரர்களிடமும் இதே மாதிரி கொண்டு வாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். அந்த அம்மாள் ‘நல்லசிவம் பாரம்’ என்றே அதற்குப் பெயர் வைத்திருப்பதாக ஒருமுறை கேள்விப்பட்டபோது அவருக்கு இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை.

1997 பிப்ரவரியில் அறுபத்திரண்டு பேருக்குப் பாரம் எழுதி முடித்துவிட்டு, அறுபத்து மூன்றாவதை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டு அவர் மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். அது அவருடையது.

மகள் பிரியதர்ஷினிக்கு ஏப்ரலில் ஏழு வயது முடிகிறது. அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு வயது தாண்டிவிடும். போன வருஷம் பாரத்தை அம்சவேணி போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் கணக்கில் இரண்டு மாற்றல்தான். டேராடூன் போனது ஒன்று, திரும்பியது ஒன்று. இரண்டு மாற்றல்காரர்கள் ஐம்பத்து மூன்று பேர், மிச்சம் இருந்தது இரண்டே இடம். பிளாஸ்டிக் வாளியில் சீட்டைப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். கூடத்தின் பின்வரிசையில் அம்சவேணி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது சீட்டையும் வாசித்து முடித்து வாளியைக் கவிழ்த்த பிறகும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. அந்த வருஷத்தைப் பிரியா முனிர்காவில் ஒரு மாடியில் இரண்டு அறைக்குள் நடந்த ‘பப்ளிக் ஸ்கூலில்’ கழித்தாள்.

ஏன் இந்தப் பள்ளியே வேண்டும் என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் கேட்டார்கள். மோதி பாக்கில் தமிழ்ப் பள்ளி இருக்கிறது, மந்திர் மார்க்கில் இருக்கிறது, நல்ல பள்ளிகள்தாம். ஆனால் ஜூலையில் வரப்போகும் மாற்றல் பட்டியலில் நல்லசிவத்தின் பெயர் அசாமில் இருக்கும் சில்சாருக்கு என்று இருந்தது. பட்டியலைத் தட்டெழுதியதே அவர்தான். சில்சாரில் தமிழ்ப் பள்ளி கிடையாது. சென்ட்ரல் ஸ்கூலில் ஒருமுறை கால் வைத்துவிட்டால் அப்பாவின் மாற்றல் உத்தரவைக் காட்டி எந்த ஊரில் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம். அந்த இடம் பிள்ளையோடு கூடவே வரும். இல்லாவிட்டால் ஊருக்கு ஊர் வாசல் வாசலாய் நிற்க வேண்டும், அதுவும் மொழி தெரியாத ஊரில்.

மாற்றலை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் ஒருமுறை கேட்டு வாங்கியவனுக்கு மறுமுறை கிடையாது. அவர் ஏற்கெனவே வாங்கியிருந்தார்.

அந்தக் கதை இது. 1995 மே முதல் தேதி அவர் சண்டிகரில் வேலைக்குச் சேர்ந்தார். அம்சவேணியும் குழந்தையும் டெல்லியில் இருந்தார்கள். குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சல். அவள் எழுதிய கடிதங்களில் ஒன்றில், தீபாவளிக்காவது வந்துவிடுங்கள், தனியாக எண்ணெய் வைத்துக் குளிக்க என்னால் ஆகாது என்று இருந்தது. நல்லசிவம் மலை மந்திர் முருகன் கோவிலில் பழக்கமான ஓர் அண்டர் செக்ரட்டரியைப் பிடித்து, அவர் வீட்டு வாசலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை நின்று, டெல்லிக்கே திரும்ப உத்தரவு வாங்கிவிட்டார். சண்டிகர் சூப்பரின்டெண்ட் நல்ல மனிதர். அவசரம் என்ன, மாசக் கடைசி வரை இருந்து சம்பள பில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போ என்றார். நல்லசிவம் கேட்கவில்லை. அக்டோபர் இருபது, வெள்ளிக்கிழமை, மத்தியானமே விடுபட்டு பஸ் ஏறினார். திங்கட்கிழமை தீபாவளி. மறுநாள் மலை மந்திரில் அர்ச்சனை செய்து ஆபீஸ் முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்.

ஐந்து மாதம் இருபது நாள். இன்னும் பதினோரு நாள் இருந்திருந்தால் பழைய இரண்டோடு போனது ஒன்று, வந்தது ஒன்று, ஆக நான்கு. நான்கு மாற்றல் உள்ள யாருக்கும் இதுவரை இடம் கிடைக்காமல் போனதில்லை.

இந்தக் கணக்கு அவருக்குப் போன வருஷமே தெரியும். அம்சவேணியிடம் சொல்லாமல் வைத்திருந்தார். இந்த வருஷம் அவள் துருவித் துருவிக் கேட்டதில் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் சப்பாத்திக் கட்டையைக் கையில் வைத்தபடியே அடுப்பை அணைத்தாள்.

“நாந்தானுங்களே தீபாவளிக்கு வாங்கன்னு எழுதுனது” என்றாள்.

கட்டையைப் பலகை மேல் வைத்தாள்.

“பதினோரு நாளுங்க. பதினோரு நாள் முன்னெப் பின்னெ இருந்தா அந்தப் பள்ளிக்கூடம் இடிஞ்சா விழுந்துருமுங்க? எழுதறது நீங்கதானே.”

“எழுதறது நாந்தான் அம்சா. அதுனாலதான்” என்றார் அவர். அதற்கு மேல் அந்த வாக்கியம் எங்கே போகிறதென்று அவருக்கே தெரியவில்லை.

கூடத்தில் பிரியா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். “பாப்பா, ஜல்தி வாங்க, நம்ம ஊரு காமிக்கறாங்க” என்று இந்தி கலந்து அப்பாவைக் கூப்பிட்டாள். திரையில் ஏதோ ஒரு கடற்கரை. அவர்கள் ஊரிலிருந்து கடல் நாலு மணி நேரம்.

தன் பாரத்தைத் தானே எழுதிக்கொள்வது அந்த அலுவலகத்தில் வழக்கமில்லை. பதிவேட்டுக்காரருக்கு வேண்டியதைப் பக்கத்துப் பிரிவில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பக்கத்துப் பிரிவில் இருந்தவர் சுந்தரேசன்.

போன வருஷம் இதே பிப்ரவரியில் சுந்தரேசன் தன் மகன் அனிருத்துக்காக வந்து நின்றார். ஜெய்ப்பூரில் அவர் இருந்தது ஐந்து மாதம் இருபத்திரண்டு நாள். சேர்த்துப் போடச் சொல்லி முதலில் சிரித்துக்கொண்டே கேட்டார், பிறகு சிரிக்காமல் கேட்டார். நல்லசிவம் விதியைப் பிரித்து, பென்சிலால் அடிக்கோடு போட்டுக் காட்டினார். அனிருத்துக்கு இடம் கிடைக்கவில்லை. அவனும் முனிர்கா மாடியில்தான் பிரியாவோடு உட்கார்ந்து படித்தான். இரண்டு அப்பாக்களும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

நான்காம் நாள் நல்லசிவம் பாரத்தை எடுத்துக்கொண்டு சுந்தரேசனிடம் போனார். ஊர்களும் தேதிகளும் தம் கையெழுத்தில் நிரப்பியிருந்தார். சண்டிகருக்கு எதிரே ‘இருந்த காலம்’ என்ற கட்டத்தையும் அடியில் மொத்தக் கட்டத்தையும் காலியாக விட்டிருந்தார். அவர் மேஜையிலிருந்து காலிக் கட்டத்தோடு ஒரு காகிதம் கிளம்பியது அதுதான் முதல் தடவை.

சுந்தரேசன் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். தேதிகளின் மேல் விரல் நின்றது. அந்த ஆபீசில் எல்லாரும் மாசக் கணக்கை விரல் முட்டியில் போடுவார்கள். அவர் போடவில்லை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

“ரெண்டு கட்டம் காலியா இருக்கே.”

“ஆமாங்க சார்.”

“எத்தனைன்னு நீங்களே வாயால சொல்லிடுங்கோ. நான் எழுதறேன்.”

பக்கத்து மேஜையில் யாரோ டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்து, வண்டி திரும்பி, மறுபடி ஒரு வரி ஓடி முடியும்வரை நல்லசிவம் நின்றார்.

“நாலு” என்றார்.

சுந்தரேசன் ஒரு கட்டத்தில் ஆறு மாதம் என்றும், இன்னொன்றில் நான்கு என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பை ஊதிப் பதித்தார். தேதிகளை அவர் தொடவில்லை. கூட்டிப் பார்க்கிற எவருக்கும் வித்தியாசம் தெரியும்.

“கோவமெல்லாம் ஒண்ணுமில்லே” என்றார் காகிதத்தை நீட்டியபடி. “இதைக் கேக்கறச்சே தொண்டை எப்படி இருக்கும்னு உங்களுக்கும் ஒருநாள் தெரியணும்னு மட்டும் நெனச்சிண்டிருந்தேன். தெரிஞ்சுடுத்து. போங்கோ, குழந்தை நன்னா படிக்கட்டும்.”

திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பாரம் கொடுக்கக் கடைசி நாள் பள்ளி வாசலிலிருந்து சாலை வரை வரிசை நின்றது. நல்லசிவம் எட்டு மணிக்கே போய்விட்டார். போன வருஷப் பாரத்தில் இரண்டு என்று எழுதியிருந்ததே என்ற நினைப்பு அவரை அரித்தது. அதெல்லாம் மூட்டை கட்டி மாடிக்குப் போயிருக்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். எந்தக் காகிதமும் எங்கும் போய்விடாது என்பதைப் பன்னிரண்டு வருஷமாகப் பிறருக்குச் சொல்லி வந்தவர் அவர்.

முன்னால் நின்ற பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, கையைப் பிடித்தபடி ஆறு வயதில் ஒரு பெண் பிள்ளை. கடைசியில் கேட்டேவிட்டாள்.

“அண்ணே, நீங்க தமிழுங்களா?”

பெயர் ஆராயி. பெரம்பலூர்ப் பக்கம். கணவர் துணை ராணுவத்தில் ஹவில்தார், இப்போது டெல்லி முகாம். அன்றைக்கு அவரை ரோந்துக்கு அனுப்பிவிட்டார்கள். யூனிட்டில் ஊரும் தேதியும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பள்ளிப் பாரம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. எழுதித் தருவீர்களா என்று கேட்டாள்.

நல்லசிவம் ஃபைலை முழங்காலில் வைத்து எழுதினார். குழந்தையின் பெயர் வைஷ்ணவி. பிறந்த தேதி. தகப்பனார் பெயர். பிறகு ஊர்கள். இம்பால், நீமச், ஸ்ரீநகர், டெல்லி. அவர் பேனா தானாகவே தேதிகளைக் கழித்துக்கொண்டு போனது. ஸ்ரீநகரில் வந்து நின்றது. ஐந்து மாதம் இருபத்தாறு நாள்.

“இது சேராதும்மா. நாலு நாள் கொறையுது. இதெச் சேத்தா நாலு, சேக்காட்டி மூணு. மூணுதான் வரும்.”

“நாலு நாளுதானேண்ணே?”

“நாலு நாளா இருந்தாலும் விதி விதிதானுங்கம்மா.”

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள் ஆராயி. “படிச்சவங்க.”

அவர் மூன்று என்று எழுதினார். பின்னாளில் அவர் எவ்வளவோ முறை அந்தக் கணத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்ததுண்டு. கைப்பழக்கத்தில் எழுதினாரா, நாற்பது இடத்துக்கு இன்னொரு நான்கு வேண்டாம் என்று எழுதினாரா என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை.

கவுண்டரில் பஞ்சாபி அம்மாள் ஆராயியின் காகிதத்தை வாங்கி, பென்சிலை எடுத்து, ஒவ்வொரு ஊராக நாள் எண்ணிப் பார்த்தார். சரி, மூன்று என்று சொல்லி டிக் போட்டார். அடுத்து நல்லசிவத்தின் பாரம். அதைப் பார்த்ததும் அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். உங்களைத்தான் இத்தனை வருஷமாகப் பார்க்க நினைத்தேன் நல்லசிவம்ஜி, உங்கள் ஆபீஸ் காகிதத்தை எண்ணிப் பார்த்தால் எனக்குப் பாவம் பிடிக்கும் என்று இந்தியில் சொல்லிச் சிரித்து, எண்ணாமலே டிக் போட்டு அடுக்கில் வைத்தார்.

மார்ச் கடைசியில் பட்டியல் ஒட்டினார்கள். நான்கு மாற்றல்காரர்களோடு நாற்பது இடமும் தீர்ந்திருந்தது. முப்பத்தெட்டாவது பெயர் என். பிரியதர்ஷினி. அம்சவேணி பெயரின் மேல் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, வாங்க போயிரலாம் என்றாள். அவளுக்குச் சந்தோஷப்படப் பயமாக இருந்தது.

போக முடியவில்லை. ஆராயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“அண்ணே, படிச்சுச் சொல்லுங்கண்ணே.”

நாற்பது பெயரையும் அவர் மெதுவாக வாசித்தார், தன் மகள் பெயர் உட்பட. அதற்குக் கீழே காத்திருப்போர் பட்டியல். மூன்று மாற்றல்காரர்களுக்குள் சீட்டுக் குலுக்கியதில் முதலில் வந்த பெயர் வைஷ்ணவி.

“மொத பேரா?” அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “அப்ப ஒரு எடம் காலியானாப் போதும், அப்படித்தானேண்ணே?”

அப்படித்தான். பட்டியலில் இருப்பவர்கள் மூன்று நாளுக்குள் அசல் உத்தரவுகளைக் கொண்டு வந்து காட்ட வேண்டும். வராதவர், காகிதம் பொருந்தாதவர் இடம் காத்திருக்கும் முதல் ஆளுக்கு. இதை அவர் அவளுக்கு விளக்கமாகச் சொன்னார்.

மூன்று நாளும் ஆராயி பள்ளி வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். முதல் நாளும் இரண்டாம் நாளும் நல்லசிவம் ஆபீசிலிருந்து பள்ளி வரை நடந்து வந்து, தூரத்திலேயே அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். இரண்டாம் நாள் சாயங்காலம் அவர் பீரோவிலிருந்து சண்டிகர் உத்தரவை எடுத்துப் பார்த்தார். கார்பன் காப்பி. 20-10-95. அந்த இரண்டை மூன்றாக்க ஒரு வளைவு, பூஜ்யத்தை ஒன்றாக்க ஒரு கோடு, அவ்வளவு போதும். பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மூடியை மறுபடி போட்டார். வீட்டில் அம்சவேணி பிரியாவுக்குச் சீருடைத் துணி அளந்துகொண்டிருந்தாள். குழந்தை கைகளை விரித்து நின்றபடி, “பாப்பா, அனிருத்தும் வருவானா?” என்று கேட்டது. அவர் கேட்காதது போல் உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஒரு மணிக்கு கவுண்டர் மூடிவிடும். பன்னிரண்டரைக்கு நல்லசிவம் வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றார். உத்தரவு இருந்தபடியே ஃபைலில் இருந்தது. அந்த அம்மாள் அதைப் புரட்டிப் பார்க்கட்டும், பார்த்தால் முடிந்தது, தாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று நினைத்தார். அப்படி நினைக்கும்போதே பார்த்துவிடக் கூடாதே என்று முருகனையும் வேண்டிக்கொண்டார். இப்போதுகூட வரிசையை விட்டு விலகி நடந்தால் போதும். அவருக்குப் பின்னால் யாருமில்லை. கால் அசையவில்லை. சில்சார், மொழி தெரியாத தெருக்கள், கையைப் பிடித்தபடி வயது தாண்டிய ஒரு குழந்தை. இது மட்டும்தான் கண்முன் நின்றது.

முன்னால் இருந்தவரின் உத்தரவுகளை அம்மாள் ஒவ்வொன்றாகப் பிரித்து, தேதியைப் பாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. நல்லசிவம் ஃபைலை வைத்தார். நாடாவை அவிழ்க்கக் கை போனது.

“அரே, ரஹ்னே தீஜியே” என்றார் அந்த அம்மாள். இருக்கட்டும், விடுங்கள். நாடாவை அவிழ்க்காமலே ஃபைலைத் திருப்பித் தள்ளினார். முப்பத்தெட்டாவது பெயருக்கு நேரே முத்திரை விழுந்தது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கவுண்டர் பலகையை இறக்கினார்.

வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. வேறு வழியாகப் போக வாசல் இல்லை. ஆராயி எழுந்து வந்தாள். வைஷ்ணவி மரத்தடியில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“மூடிட்டாங்களாண்ணே?”

“மூடிட்டாங்கம்மா.”

“யாராச்சும் வராமப் போயிட்டாங்களா? காயிதம் சரியில்லாம யாராச்சும்?”

நல்லசிவம் ஃபைலை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

“இல்லீங்கம்மா. நாப்பது பேரும் வந்துட்டாங்க. எல்லாம் சரியா இருந்துச்சு.”

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. மூன்று நாளாகவே இப்படித்தான் ஆகும் என்று தெரிந்து வைத்திருந்தவள் போல் இருந்தாள். மோதி பாக்கில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறதாமே, அங்கே போக வழி எழுதித் தருவீர்களா என்று கேட்டாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து ஒரு தாளைக் கிழித்தார். இறங்க வேண்டிய நிறுத்தம், திரும்ப வேண்டிய தெரு, அலுவலக நேரம் எல்லாவற்றையும் தமிழில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார்.

“வர்ற வருசம் அவருக்கு அசாம் போடுவாங்கன்னு சொல்றாங்கண்ணே. அங்கெல்லாம் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்குமா?”

“தெரியலைங்கம்மா” என்றார் நல்லசிவம்.

ஆராயி தாளை வாங்கி வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குதண்ணே” என்று சொல்லிவிட்டு, அதை நாலாக மடித்துப் பர்சுக்குள் வைத்துக்கொண்டு, பிள்ளையை எழுப்பப் போனாள்.